22 செய்தி எழுதியாயிற்று, காட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை

வேலியோரம் | ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். யாழ். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள், மூன்றாம் வருடம். போன வருடம் தொடங்கி உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றுக்கு எழுதுகிறேன். எண்ணிப் பார்த்தேன், 22 செய்தி வந்திருக்கிறது. அம்மா ஒவ்வொன்றையும் பெரியம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார்.

கொழும்பில் ஒரு நிறுவனம் மாணவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி தருகிறது. விண்ணப்பத்தில் சிறந்த மூன்று ஆக்கங்களை இணைத்து, ஒவ்வொன்றிலும் என் பங்கு என்ன என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு வரியில் மாட்டிக்கொண்டேன். நினைவுப் பேருரை, பரிசளிப்பு விழா, இரத்ததான முகாம், அமைச்சர் வந்தார், அமைச்சர் போனார். எல்லாம் யாரோ அனுப்பிய செய்திக்குறிப்பு. நான் செய்தது தலைப்பை மாற்றியதும், 'மேலும்' என்ற சொல்லை நாலு இடத்தில் வெட்டியதும்தான். இதை என் பங்கு என்று எப்படி எழுதுவது? கடைசியில் விண்ணப்பிக்கவே இல்லை. திகதி முடிந்துவிட்டது.

அடுத்த வருடமும் இப்படி நிற்கக்கூடாது. எங்கே எழுதுவது, எப்படித் தொடங்குவது, எழுதியதை எப்படிச் சேர்த்து வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 'நிறைய வாசியுங்கள்' என்று மட்டும் சொல்லவேண்டாம். அதை விரிவுரையாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

குருநகர்ச் சைக்கிள் | ஞாயிறு, இரவு 11.05

தங்கச்சி, அந்த இரண்டு வரியில் மாட்டிக்கொண்டது நல்லதுக்குத்தான். நான் உங்கள் வயதில் 'செய்தி சேகரிப்பும் எழுத்தும்' என்று கூசாமல் போட்டு அனுப்பினேன். நேர்முகத்தில் இருந்த ஓர் அம்மா, 'இந்த விழாவில் நீங்கள் யாருடன் கதைத்தீர்கள்?' என்று கேட்டார். நான் அந்த மண்டபத்து வாசலைக்கூட மிதித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்தேன். வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம், குருநகர் இறங்குதுறை. கிழமையில் இரண்டு நாள் விடிய ஐந்து மணிக்குப் போய் நிற்பேன். ஒன்றும் கேட்பதில்லை. மீன் ஏலம் கூறுவதைப் பார்ப்பது, தேத்தண்ணி குடிப்பது, திரும்பி வருவது. முதல் மூன்று கிழமையும் ஏதோ தொண்டு நிறுவனத்து ஆள் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். நாலாம் கிழமை ஓர் ஐயா தானாகவே வந்தார். 'தம்பி, பேப்பர்காரர் எல்லாரும் இந்தியா றோலரைத்தான் எழுதுகிறீர்கள். இங்கே கட்டிக்கிடக்கிற றோலரை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?'

றோலர் என்றால் கடலடியில் மடியை இழுத்துப் போகும் இழுவைப் படகு. அந்த இழுவை மடித் தொழிலைத் தடை செய்து 2017இல் 11ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அக்கரையிலிருந்து வரும் படகுகளை நினைத்துத்தான் எல்லாரும் அதை வரவேற்றோம். ஆனால் குருநகரிலேயே உள்ளூர் இழுவைப் படகுகள் இருக்கின்றன. அந்தச் சட்டம் அவர்களுக்கும்தான். கடன் பட்டுப் படகு செய்தவர் ஒரு கதை சொல்கிறார், அதே ஒழுங்கையில் சிறு வலைத் தொழில் செய்பவர் வேறு கதை சொல்கிறார். இருவரும் ஒரே கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு கட்டுரை. இன்றைக்கும் யாராவது 'செய்ததைக் காட்டு' என்றால் முதலில் அனுப்புவது அதைத்தான்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? சந்தையா, ரயில் கடவையா, பாழடைந்த வாசிகசாலையா? அங்கே பத்துத் தரம் போங்கள். எங்கே வெளியிடுவது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பழைய ஒப்புநோக்குநர் | திங்கள், காலை 6.20

பிள்ளைக்கு வணக்கம். பத்திரிகைக் கந்தோரில் பிழை பார்த்தே தலை நரைத்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதற்பக்கத்துக்கு எழுதி அனுப்பாதீர்கள். அதற்கு அலுவலகச் செய்தியாளர்கள் இருக்கிறார்கள், பிராந்திய நிருபர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு முன்பே போன் எடுத்துவிடுவார்கள். ஞாயிறு மலரைப் பாருங்கள். பெருநாளோ தேர்தலோ இல்லாத ஒரு கிழமையில் பக்கத்தை நிரப்ப அந்த உதவி ஆசிரியர் படும் பாடு உங்களுக்குத் தெரியாது. படத்துடன், ஊர் ஆட்களின் குரலுடன், ஆயிரம் சொல்லுக்குள் ஒரு கட்டுரை வந்தால் அவருக்கு அது தீபாவளி. ஆனால் சனிக்கிழமை அனுப்பிவிட்டு ஞாயிறு எதிர்பார்க்கக்கூடாது. மலரின் பெரும்பகுதி வெள்ளிக்கு முன்பே முடிந்துவிடும்.

போன் எடுப்பதென்றால் முற்பகலில் எடுங்கள். பின்னேரம் ஆறுக்குப் பிறகு எடுக்கவே வேண்டாம். பக்கம் கட்டும் நேரத்தில் வரும் போனுக்கு நல்ல மனிதனும் எரிந்துதான் விழுவான்.

இன்னொன்று, இதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவா, யூனிகோடா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். எங்கள் பத்திரிகைகளில் பாமினி இன்னும் சாகவில்லை. மாற்றியில் போட்டு மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகும். அந்தப் பிழை எல்லாம் உங்கள் பிழையாகத்தான் மேசையில் தெரியும். மாற்றிய பிறகு ஒருமுறை தாளில் எடுத்து வாசியுங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், தொகை, திகதி, இந்த நாலையும் பேனையால் வட்டம் போட்டுச் சரிபார்த்து அனுப்பும் பிள்ளையை எந்தச் செய்தி ஆசிரியரும் மறக்கமாட்டார். நான் கண்டவரையில் அப்படி அனுப்பியவர்கள் ஐந்து பேர் இருப்பார்கள்.

பெயர் வரும் என்று பெரிதாக நம்பவேண்டாம். 'எமது நிருபர்' என்று போய்விடும், இல்லாவிட்டால் செய்தி முடிவில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தோ எண்ணோ நிற்கும். அது உள்ளே இருக்கும் எங்களுக்கு மட்டும் விளங்கும் கணக்கு. கட்டுரை என்றால் பெயர் போடுவார்கள். அதனாலும்தான் மலர் என்றேன்.

வெளிவந்த அன்றே முழுப் பக்கத்தையும் திகதி தெரியப் படம் எடுத்து, பிறகு கத்தரித்து வையுங்கள். இது வெறும் பழக்கதோசம் இல்லை. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வந்த ஊர் இது. 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' பத்திரிகைக் கந்தோர் 1981 யூனில் எரிந்தது, யாழ். பொது நூலகம் எரிந்த அதே நாட்களில். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கோடு போட்ட கொப்பித்தாளிலும் பத்திரிகை அடித்தோம். அந்தக் காலத்தில் எழுதியவர்களிடம் கேட்டால் தங்கள் எழுத்தில் கால்வாசிகூடக் கையில் இல்லை என்பார்கள். 2005இல் 'நூலகம்' என்ற எண்ணிமத் தளம் தொடங்கியதால் எத்தனையோ பழைய இதழ்கள் தப்பின. எனக்கே என் நண்பன் எழுதிய ஒன்று அங்கேதான் கிடைத்தது.

ஆனையிறவு உப்பு | திங்கள், காலை 8.47

எல்லாரும் வடிவாகச் சொல்கிறீர்கள். காசைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் மூன்று வருடம் ஒரு தளத்துக்கு எழுதினேன். முதல் வருடம் 'அனுபவம் கிடைக்குதுதானே தம்பி'. இரண்டாம் வருடம் 'விளம்பரம் வரட்டும்'. மூன்றாம் வருடம் நான் எடுத்த படத்தை என் பெயர் இல்லாமல் வேறு மூன்று தளங்களில் கண்டேன், கேட்டால் அவர்களுக்குக் கொடுத்தது எங்கள் ஆசிரியர்தானாம். இப்போது லீசிங் கொம்பனியில் வேலை. மாதம் முடியச் சம்பளம் வருகிறது, கலியாணமும் முடிந்தது.

22 செய்தி என்றீர்கள். ஒன்றுக்கு எவ்வளவு தந்தார்கள்? தளத்தின் பெயர் [நீக்கப்பட்டது] என்று நினைக்கிறேன், அங்கேதான் இந்தக் கூத்து.

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 9.02

மேலே ஒரு பெயர் நீக்கப்பட்டது. கதையைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

வேலியோரம் | திங்கள், நண்பகல் 12.30

உப்பு அண்ணா, ஒன்றும் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

குருநகர்ச் சைக்கிள் | திங்கள், நண்பகல் 12.41

உப்பு, நீர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் இரண்டாம் மூன்றாம் வருடப் பிள்ளைக்கு 'காசு இல்லாமல் ஒரு சொல்லும் எழுதாதே' என்றால் அவள் எழுதவே மாட்டாள். நான் அந்தக் குருநகர்க் கட்டுரையைச் சும்மாதான் கொடுத்தேன்.

ஆனையிறவு உப்பு | திங்கள், நண்பகல் 12.58

நீங்கள் சும்மா கொடுத்தபடியால்தான் எனக்கும் சும்மா கேட்டார்கள். கோபிக்கவேண்டாம். இது நடந்ததுதான்.

சின்னக்கடை | திங்கள், இரவு 9.15

இரண்டு பேரும் ஒரே விசயத்தைத்தான் இரண்டு பக்கத்தால் பிடிக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் தொடங்கி இப்போது கொழும்பில் ஓர் ஊடகத்தில் ஆசிரியர் பக்கம் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பதும் என் தலையில்தான். (வேலியோரம், உங்களுடைய விண்ணப்பம் எங்களுக்கு வரவேண்டியதா என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.)

செய்திக்குறிப்பைத் திருத்திப் போடுவது வேலை. அதற்குக் காசு வாங்கவேண்டும். அது தளத்துக்குத் தேவை, உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நீங்களே தெரிவு செய்து, நீங்களே போய், நீங்களே கேட்டு எழுதிய ஒன்றை நல்ல மேசை உள்ள இடத்துக்குத் தொடக்கத்தில் சும்மா கொடுத்தாலும் அது கையில் நிற்கும். மேசை என்று நான் சொல்வது, 'இதை யார் சொன்னார், மற்றப் பக்கத்தாரிடம் கேட்டாயா' என்று திருப்பி அனுப்பும் ஓர் ஆசிரியரை. அப்படித் திருப்பி அனுப்பாமல் அப்படியே போட்டுவிடும் இடத்தில் வருடக்கணக்கில் எழுதினாலும் எழுத்து வளராது. 22 செய்தியில் எத்தனை உங்களிடம் கேள்வியுடன் திரும்பி வந்தது? ஒன்றும் இல்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இனி மூன்று ஆக்கம் என்ற கணக்கு. எனக்கு முன்னால் 60 விண்ணப்பம் இருந்தால் நான் ஒவ்வொன்றிலும் முதல் ஆக்கத்தின் முதல் பந்தியைத்தான் வாசிப்பேன். அதுவும் பஸ்ஸில், போனில். கூகுள் டிரைவ் இணைப்பைத் திறந்தால் அனுமதி கேட்கிறது, அத்தோடு சரி, அடுத்த ஆள். பாரமான பிடிஎப் கோப்பு இறங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் அப்படியே. இலவசமாக ஒரு வேர்ட்பிரஸ் பக்கமோ கூகுள் தளமோ போதும். பெயர், ஊர், மின்னஞ்சல், நாலைந்து ஆக்கம், ஒவ்வொன்றின் கீழும் அந்த இரண்டு வரி. இணையத்தில் வந்ததை வேபேக் மெசின் என்ற இணையக் காப்பகத்தில் அன்றே சேமித்து அந்த இணைப்பையும் வையுங்கள். எங்கள் தளங்கள் வடிவம் மாற்றும்போதெல்லாம் பழைய இணைப்புகள் செத்துப்போகின்றன.

அந்த இரண்டு வரிதான் நான் உண்மையில் தேடுவது. ஒரு பெடியன் எழுதியிருந்தான்: 'ஏழு பேருடன் கதைத்தேன், இருவர் பெயர் சொல்ல மறுத்தார்கள், படங்கள் என்னுடையவை, தலைப்பு ஆசிரியருடையது.' எழுத்து சுமார்தான். அவனைத்தான் எடுத்தோம். தலைப்பு தன்னுடையது இல்லை என்று சொல்லும் ஆளை நம்பலாம்.

வெளியிட இடம் என்று கேட்டீர்கள். ஒப்புநோக்குநர் ஐயா சொன்ன ஞாயிறு மலர்கள் ஒரு பக்கம். நீளமாக, கொஞ்சம் அரசியல் ஆய்வுடன் எழுதினால் 'மாற்றம்' தளம் இருக்கிறது. இலக்கியவாதி ஒருவரின் நேர்காணல், நூல் மதிப்பீடு என்றால் 'ஜீவநதி' போன்ற சஞ்சிகைகள். எங்கே அனுப்பினாலும் முழுக் கட்டுரையையும் முதலே அனுப்பவேண்டாம். எட்டுப் பத்து வரியில் கேளுங்கள்: விசயம் என்ன, இப்போது ஏன், யாருடன் கதைத்துவிட்டீர்கள், எப்போது தருவீர்கள். பதினைந்து நாள் பதில் இல்லையா, 'வேறு இடத்துக்குக் கொடுக்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் மூன்று பத்திரிகைக்கு அனுப்பி, மூன்றிலும் ஒரே ஞாயிறு வந்து, மூன்று ஆசிரியரிடமும் ஏச்சு வாங்கியவள் நான்.

வடலி | செவ்வாய், முற்பகல் 10.20

பேப்பர், பேப்பர் என்கிறீர்கள். என் வீட்டில் அப்பா மட்டும்தான் பேப்பர் விரிக்கிறார். ஒரு போன், ஒரு சின்ன மைக், யூரியூப். கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவான் என்ற பழைய பயணிகள் வாகனம் பற்றி, அதில் சந்தைக்குப் போய் வந்த ஆச்சிமாரிடம் கேட்டு ஒரு காணொளி செய்தேன். கனடாவில் இருந்தெல்லாம் ஆட்கள் எழுதினார்கள். எந்த ஆசிரியரிடமும் கைகட்டி நிற்கவில்லை.

சின்னக்கடை | செவ்வாய், நண்பகல் 1.05

வடலி, அந்தக் காணொளியைப் பார்த்தேன், நல்லாயிருந்தது. அதை விண்ணப்பத்தில் வையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 'வீடில்லாத அம்மாவின் கண்ணீர்' என்று முகத்தைக் காட்டி உதவி கேட்கும் காணொளிகளும் அதே யூரியூப்பில்தான் இருக்கின்றன. அந்த அம்மாவின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன படும் என்று எடுத்தவர் யோசிப்பதில்லை. தடுக்க அங்கே மேசை இல்லை.

இன்னொன்று, சொந்தத் தளம், சொந்தச் சனல் என்றால் பின்னால் நிறுவனமும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் குடியியல் வழக்குப் போடலாம். 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் எழுதும் எல்லாருக்கும்தான். பயப்படச் சொல்லவில்லை. ஒலிப்பதிவையும் குறிப்புக் கொப்பியையும் எறியாதீர்கள் என்கிறேன்.

வேலியோரம் | செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் நன்றி. இரண்டு தரம் வாசித்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு சந்தை. இன்று விடிய நாலரைக்கு அண்ணாவுடன் போனேன். கீரையும் தேங்காயும் கொண்டுவரும் அம்மாமார் இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள், மத்தியானம் வரை இருக்கிறார்கள். மலசலகூடம் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஓர் அம்மா, 'தண்ணி குடிக்காமல் வருவேன் பிள்ளை, பழகிவிட்டது' என்றார். நாள் வரி மட்டும் தவறாமல் வாங்குகிறார்களாம். நான் அங்கேயே கொப்பியை மூடிவிட்டேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

இன்னொரு பிரச்சினை. அப்பாவுக்கு இது விருப்பமில்லை. செய்திக்குறிப்பு எழுதும்வரை ஒன்றும் சொல்லவில்லை. சந்தைக்குப் போய் விசாரித்தேன் என்றதும், 'நிமலராஜனைத் தெரியுமா உனக்கு?' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பழைய ஒப்புநோக்குநர் | புதன், காலை 5.55

தெரியாமல் இருக்கமாட்டீர்கள். யாழ்ப்பாணத்துச் செய்தியாளர் நிமலராஜனை 2000 ஒக்ரோபர் 19, ஊரடங்கு நேரம், வீட்டுக்குள் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். 2006 மே 2இல் 'உதயன்' பத்திரிகைக் கந்தோருக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். அடுத்த நாள் உலக பத்திரிகைச் சுதந்திர நாள். அந்தக் காலத்தில் வேலைக்குப் போய் வீடு திரும்பும்வரை என் மனைவி வாசலில்தான் நிற்பார். அப்பா அந்தக் காலத்தை வைத்துக் கதைக்கிறார், பிள்ளை இந்தக் காலத்தை வைத்துக் கதைக்கிறீர்கள். அவரோடு வாதாடி வெல்லவேண்டாம். போகும் இடம், சந்திக்கும் ஆள், திரும்பும் நேரம், மூன்றையும் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவரிடம் வாசிக்கக் கொடுங்கள். என் மகளும் இப்படித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தாள், அவள் படித்தது வேறு.

கச்சேரி வரிசை | புதன், முற்பகல் 11.30

கொப்பியை மூடிய இடத்தில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தொடங்குகிறது. 2016இன் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. இலங்கைப் பிரசை யாரும் கேட்கலாம். மாணவி என்றோ செய்தியாளர் என்றோ காட்டத் தேவையில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவும் ஏலாது. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, தமிழில் எழுதலாம். ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்கவேண்டும், உங்கள் உள்ளூராட்சி சபையிலும் இருப்பார். கையில் கொடுத்தால் கிடைத்ததற்கான எழுத்துச் சான்று கேட்டு வாங்குங்கள், அதை வாங்காமல் வாசலைத் தாண்டவேண்டாம். 14 வேலை நாளுக்குள் தருகிறோம், மறுக்கிறோம் என்று முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், மறுத்தால், 14 நாளுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஏன் மலசலகூடம் பூட்டியிருக்கிறது?' என்று கேட்டால் 'திருத்த வேலை' என்று ஒரு சொல்லில் முடிப்பார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். சந்தையைக் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி. கடந்த மூன்று வருடம் அந்தச் சந்தையால் சபைக்கு வந்த வருமானம், வருடவாரியாக. அதே மூன்று வருடம் அதன் சுகாதார வசதிக்குச் செலவழித்த தொகை, வருடவாரியாக. ஒப்பந்தத்தில் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும், கதை அங்கேதான் இருக்கிறது.

பதில் வரும்வரை சந்தைக்குப் போவதை நிறுத்தவேண்டாம்.

வடலி | புதன், நண்பகல் 12.10

நல்ல யோசனை. நானும் ஒன்று போடப்போகிறேன்.

நல்லூர் நாலாம் வீதி | புதன், இரவு 7.30

மன்னிக்கவும், நடுவில் ஒரு கேள்வி. சட்ஜிபிடியில் போட்டுக் கட்டுரை எழுதி வாங்கினால் ஆசிரியர்கள் கண்டுபிடிப்பார்களா?

சின்னக்கடை | புதன், இரவு 7.44

சந்தை அம்மா 'தண்ணி குடிக்காமல் வருவேன் பிள்ளை' என்றது அதற்கு எப்படித் தெரியும்?

ஆனையிறவு உப்பு | புதன், இரவு 8.02

வேலியோரம், ஒன்று மட்டும். இதை எழுதி முடித்தால் கொடுக்கும்போது 'சன்மானம் எவ்வளவு?' என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை. கேட்டுப் பழகுங்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை.

வேலியோரம் | ஞாயிறு, பின்னேரம் 4.15 (ஒன்பது கிழமைக்குப் பிறகு)

இழை கீழே போய்விட்டது, தேடி எடுத்தேன். இன்று வந்திருக்கிறது. ஞாயிறு மலரில், முக்கால் பக்கம், நான் எடுத்த இரண்டு படத்துடன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தைக்குப் பதினொரு தரம் போனேன். தகவல் விண்ணப்பம் கொடுத்த அன்று அங்கே இருந்தவர் 'இதெல்லாம் எதற்குத் தங்கச்சி?' என்றார். கச்சேரி வரிசை அண்ணா சொன்னது நினைவில் இருந்தது, சிரித்துக்கொண்டு சான்றைக் கேட்டு வாங்கினேன். பதினாறாம் வேலை நாள் பதில் வந்தது, நான் மேன்முறையீடு எழுதிக்கொண்டிருந்தபோது. வருமானம் வருடவாரியாகத் தந்தார்கள். ஒப்பந்தப் பிரதியும் தந்தார்கள். சுகாதாரச் செலவு 'தனியாகப் பேணப்படவில்லை' என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் கட்டுரையின் நடுவில் வைத்தேன். ஒப்பந்தத்தின்படி மலசலகூடம் குத்தகைக்காரர் பொறுப்பு. குத்தகைக்காரரிடம் போனேன். தண்ணீர்க் குழாயைச் சபை திருத்தித் தரும்வரை திறக்கமுடியாது என்று தான் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டினார். நான் அவரைத்தான் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு போனேன். கட்டுரையை முதலில் இருந்து மாற்றி எழுதவேண்டி வந்தது.

முதலில் கேட்ட பத்திரிகை பதிலே போடவில்லை. இரண்டாவது இடத்தில் எட்டு வரி மின்னஞ்சலுக்கு அடுத்த நாளே போன் வந்தது. மூன்று கேள்வியுடன் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். (சின்னக்கடை அக்கா, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் இன்று வெளிவந்ததற்குக்கூட வரவில்லை.) தண்ணி குடிக்காமல் வரும் அம்மாவின் பெயரைப் போடவில்லை. அவர் முதலில் போடு என்றார், பிறகு மகன் வேண்டாம் என்றார். அவர் கையை மட்டும் படம் எடுத்தேன், கீரைக்கட்டுடன்.

உப்பு அண்ணா, கேட்டேன். தருகிறார்கள். பெரிய தொகை இல்லை, அடுத்த மாதம் வந்து வாங்கட்டுமாம்.

அப்பா அச்சுக்கு முன் வாசித்தார். இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை என்று மட்டும் சொன்னார்.

மலசலகூடம் இன்னும் திறக்கவில்லை. நாளை விடியப் போய்ப் பார்க்கவேண்டும்.

ஒரு கவலை. என் பெயரில் 'ழ'வுக்குப் பதில் 'ள' போட்டிருக்கிறார்கள். முதல் தரம் பெயர் வருகிறது, அதிலும் பிழை. விண்ணப்பத்தில் வைக்கும்போது வேறு யாரோ என்று நினைக்கமாட்டார்களா?

ஆனையிறவு உப்பு | ஞாயிறு, பின்னேரம் 4.31

வாசித்தேன். லீவு நாளில் மனதைக் கெடுத்துவிட்டீர்கள். நல்லாயிருக்கு.

சின்னக்கடை | ஞாயிறு, பின்னேரம் 5.10

இரண்டு வரியில் 'அச்சில் பெயர் பிழையாக வந்துள்ளது' என்று எழுதிவிடுங்கள், அவ்வளவுதான். குத்தகைக்காரரைப் பற்றி நினைத்தது பிழைத்துப்போய்த் திருப்பி எழுதியதையும் அதிலேயே எழுதுங்கள்.

பழைய ஒப்புநோக்குநர் | ஞாயிறு, பின்னேரம் 5.25

ழகர ளகரம் விட்ட ஆள் யார் என்று விசாரிக்கிறேன். நாளை முற்பகல் போன் எடுத்துச் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு திருத்தம் போடுவார்கள். அந்தத் திருத்தத்தையும் சேர்த்து வையுங்கள். கத்தரிக்க முன் முழுப் பக்கத்தையும் திகதியுடன் படம் எடுத்தீர்களா?

வேலியோரம் | ஞாயிறு, பின்னேரம் 5.27

ஐயோ, கத்தரித்துவிட்டேன் ஐயா. மற்றப் பாதியில் அம்மா மீன் வெட்டுகிறார்.

பழைய ஒப்புநோக்குநர் | ஞாயிறு, பின்னேரம் 5.29

சந்திக் கடை ஆறு மணிவரை திறந்திருக்கும். இரண்டு பேப்பர் வாங்குங்கள்.